கூழ் ஊற்றிய மிஷனரி

அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அம்பத்தூர், ஆவடி பக்கத்துச் சபைகளின் வாட்ஸ்அப் குரூப் எதிலாவது நீங்கள் இருந்தால், பார்க்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை.

ஆவடியைத் தாண்டி ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வாசலில் வேப்பிலைத் தோரணம். பெரிய அண்டா ஒன்று. அண்டாவுக்குப் பின்னால் மஞ்சள் புடவையில், கையில் கரண்டியோடு ஒரு பெண். தலைமுடி முழுக்கப் பொடிப்பொடியாகப் பின்னல்கள். அதில் ஒரு முழம் கனகாம்பரம். வரிசையில் நிற்பவர்களின் பாத்திரங்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாள்.

அவள் கென்யாக்காரி. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் அழைப்பில் வந்திருக்கும் வாலண்டியர்.

அவளுக்குப் பக்கத்தில், நறுக்கிய வெங்காயம் நிறைந்த வாளியைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற ஆசாமி... சாட்சாத் உங்கள் பத்தியாளர்தான்.

போட்டோவுக்குக் கீழே யாரோ புண்ணியவதி எழுதியிருந்தார்: "இவங்கதான் நம்ம சபை மிஷனரியா? ஜெபிப்போம்."

ஜெபிப்போம் என்ற வார்த்தையை இவ்வளவு கூர்மையாகத் தீட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் குளோரி அக்கா போன் செய்தார். எங்கள் ஐக்கியத்தின் தலைவி. ரயில்வேயில் பெரிய வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். இப்போதும் அவர் பேசினால் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடும் என்று தோன்றும். "சுகந்தி, அந்த போட்டோல இருக்கிறது நீதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடும், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

சரி... அண்டா வரை நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம்? அதைச் சொல்கிறேன்.

தலைப்பிரசவம் என்றால் நம் பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். அம்மா வீடு இல்லாதவள் எங்கே போவாள்? வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள், அம்மாவைப் பறிகொடுத்தவள், அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகிப் போனவள்... இப்படி எத்தனை பேர்! குளோரி அக்காவுக்குச் சில வருஷம் முன்பு இந்த யோசனை வந்தது. ஆவடியில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்கு எடுத்தார். பாய், ஃபேன், புடவைத் தூளி, எடை பார்க்கும் மெஷின். கைக்குழந்தையோடு யார் வேண்டுமானாலும் காலையில் வரலாம். முதலில் ஜெபம், பிறகு சத்துமாவுக் கஞ்சி, பிறகு பேச்சு, தூக்கம், அழுகை, எல்லாம். எந்த மதத்துப் பெண்ணும் வரலாம். வந்தார்கள்.

எங்களிடம் அன்பு இருந்தது. இடம் இருந்தது. விஷயம் தெரிந்த ஆள்தான் இல்லை. கமிட்டியில் பாதிப் பேர் பிள்ளை பெற்றே முப்பது வருஷம் ஆகிவிட்டது.

ஒரு திருச்சபை அமைப்பு மூலமாக ஆறு மாதத்துக்கு ஒரு வாலண்டியர் வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் பரபரப்பு. எஸ்தர் என்று பெயர். வெளிநாடு என்று மட்டும்தான் கமிட்டிப் பெண்களின் காதில் விழுந்தது போல. தங்கப் போவது என் வீட்டு மாடி அறையில் என்பதால், கார்ன் ஃப்ளேக்ஸ், ஜாம், சீஸ் எல்லாம் வாங்கி என் ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனார்கள். வந்து இறங்கியவள், எஸ்தர் நியாம்புரா. நைரோபி பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். முதல் நாள் காலையில் நான் சீஸை நீட்ட, அவள் அடுப்பைப் பார்த்துச் சப்பாத்தி கிடைக்குமா என்று கேட்டாள். சப்பாத்தியும் பருப்பும் அவர்கள் ஊரிலும் தினப்படிச் சாப்பாடாம். கார்ன் ஃப்ளேக்ஸை நானும் என் கணவரும் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

நியாம்புரா என்றால் மழைக்குரியவள் என்று அர்த்தம் சொன்னாள். வந்தது அக்னி நட்சத்திரத்தில்! ஒரு பொட்டு மழை இல்லை.

தினமும் அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்குவோம். நாலு ஸ்டேஷன் தூரம்கூட இல்லை. அதற்குள் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டே அவளைப் பார்த்து முடித்துவிடும். பின்னல்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், பூ வைத்துவிடுவார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். ஒரு நாள் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் வேறு விதமாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மென்று விழுங்கினேன்.

"நிறத்தைப் பற்றித்தானே, ஆன்ட்டி? அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்" என்றாள்.

என் வேலையே மொழிபெயர்ப்புதான். அவளுக்குத் தமிழ் தெரியாது; வருகிற பெண்களுக்கு இங்கிலீஷ் ஓடாது. நடுவில் நான்.

வருகிறவர்களில் நிவேதா என்று ஒருத்தி. விழுப்புரம் பக்கத்துப் பெண். எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது ஷேர் ஆட்டோ ஓட்டும் மணியைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். பெற்றவர்கள் அதோடு தலைமுழுகிவிட்டார்கள். கையில் ஒன்றரை மாதப் பையன். எடை ஏறவில்லை. குழந்தை அழுகிற சத்தம்கூட ஈனமாக இருந்தது. நியாம்புராவும் நானும் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, வயிறு நிறையவில்லை, தாய்ப்பால் ஒழுங்காகக் கொடுங்கள், ஒரு வாரத்தில் திரும்ப வாருங்கள் என்றார்.

அதன் பிறகு நிவேதா வரவில்லை. இரண்டு நாள் பார்த்தோம், மூன்று நாள் பார்த்தோம். ஆவடியைத் தாண்டி இருந்த அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டோம்.

வீட்டு வாசலில் மண்பானையும் மோர் மிளகாயுமாகக் கூழ்க் கடை. கடையில் மாமியார் தேசம்மா. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. வீடும், தெருக்கோடி அம்மன் கோயில் முறையும்தான் மிச்சம். எங்களைப் பார்த்ததும் தேசம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். வழிவிடுகிற மாதிரி தெரியவில்லை.

"எம்மா, கொயந்தைய பாக்கணும்னா பாருங்க. வேணாங்கல. ஆனா ஜெபம் கிபம்னு இந்த ஊட்ல எதுவும் கூடாது. இங்க ஆத்தா கீறா. தெருவுல ஆளாளுக்குப் பேசிகினு கீறாங்க, என் மருமவள நீங்க மாத்திடுவீங்கன்னு."

நான் நியாம்புராவிடம் திரும்பி, எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று விரும்புகிறார்கள் என்றேன். அவள் தேசம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் பேசியதற்கு இது ரொம்பச் சின்ன வாக்கியமாக இருக்கிறதே ஆன்ட்டி, என்றாள். வேறு வழி? உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. "சரி என்று சொல்லுங்கள். நான் ரயிலில் வரும்போதே ஜெபித்துவிட்டேன்."

அதையும் உள்ளபடி சொன்னேன். தேசம்மா ஒரு கணம் யோசித்தார். ரயிலுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்தவர் போல ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே நிவேதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பால் பாட்டில். மாட்டுப் பாலில் பாதிக்குமேல் தண்ணீர். பால் பத்தவில்லை என்று மாமியார் சொல்ல, அவளும் நம்பிவிட்டிருக்கிறாள். நியாம்புரா பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நிவேதாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள், குழந்தையைத் திருப்பிப் பிடித்து, வாய் நன்றாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, மார்போடு சேர்த்தாள். நழுவியது. மறுபடி. மறுபடி நழுவியது. மறுபடி. அப்புறம்... மடக், மடக் என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நாலு பெண்களும் மூச்சுவிடாமல் கேட்டோம்.

குழந்தை கண் விழிக்கும் போதெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து இதே மாதிரி மருமகளிடம் சேர்ப்பது இனிமேல் உங்கள் பொறுப்பு, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்று தேசம்மாவிடம் நியாம்புரா சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். தேசம்மாவின் முதுகு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மாமியாரைத் தள்ளி வைத்தால் பிரச்சினை. பதவி கொடுத்து உட்கார வைத்தால்? பாதி தீர்ந்தது. நான் இதை முப்பது வருஷம் முன்பே கற்றுக்கொண்டிருக்கலாம்.

வெளியே வரும்போது நியாம்புரா கூழ்ப் பானையருகே நின்றுவிட்டாள். குனிந்து முகர்ந்தாள். இது என்ன என்று கேட்டாள். கேழ்வரகு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தேசம்மா மாவை அள்ளிக் காட்டினார். அவ்வளவுதான், அவள் முகமே மாறிவிட்டது. அவர்கள் ஊரிலும் இதே தானியம்தானாம். இதே போலப் புளிக்க வைத்துக் காய்ச்சுவார்களாம். உஜி என்று பெயராம். பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பதே அதுதானாம். நிவேதாவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

புள்ள பெத்தவளுக்குக் கூழு குளிர்ச்சியாச்சே என்றார் தேசம்மா. நம் ஊர்க் குளிர்ச்சியையும் சூட்டையும் ஒரு நர்ஸுக்கு இங்கிலீஷில் விளக்க நான் பட்ட பாடு தனிப் பத்தி. கடைசியில், கூழாக வேண்டாம், மாவைச் சூடாகக் கஞ்சி காய்ச்சித் தரலாம் என்று இரண்டு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. தேசம்மா அன்றைக்கே நியாம்புராவுக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார். நியாம்புரா என்ற பெயர் வாயில் நுழையாததால் அம்புஜம் என்று பெயரையும் மாற்றினார்.

மதம் மாற்றுவார்கள் என்று பயந்தவர், வந்தவளின் பெயரையே மாற்றிவிட்டார், பாருங்கள்!

நிவேதா மறுபடி ஆவடி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பையனுக்கு எடை கொஞ்சம் ஏறியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். நியாம்புரா நினைக்கவில்லை. அவள் பையனை விட்டுவிட்டு நிவேதாவையே கவனித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் கிளம்பிய பிறகு ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொன்னாள். குழந்தை எப்படி என்று இல்லை, நீ எப்படி என்று.

நிவேதா மடியிலிருந்த பையனின் துணியைச் சரிசெய்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவனப் பாத்தா எனக்குப் பாசமே வரலக்கா. விட்டுட்டு எங்கயாச்சும் போயிடலாம்னு தோணுது. சில நேரம் செத்துடலாம்னுகூடத் தோணுது. நான் என்ன தாயா?"

அப்படியெல்லாம் பேசக் கூடாது, கடவுள் கொடுத்த குழந்தை என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

நியாம்புரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இவளிடம் சொல்லுங்கள் ஆன்ட்டி. என் மகனைப் பார்த்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. இது கெட்ட மனசு இல்லை. உடம்பில் வருகிற மற்ற நோய் மாதிரி இதுவும் ஒரு நோய். மருந்து இருக்கிறது. இப்போதே டாக்டரிடம் போகிறோம், நானும் கூட வருகிறேன். என் மகனுக்கு இப்போது பத்து வயது. போனில் என்னை மிரட்டுகிறான்."

அவளுக்கு மகன் இருக்கிறான் என்பது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். அவள் கல்யாணம் ஆகாதவள் என்றுதான் கமிட்டிக்கு வந்த விவரத்தில் இருந்தது. கண் இமைக்காமல் மொழிபெயர்த்தேன். நிவேதா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு அவள் மடியில் தலையை வைத்து அழுத அழுகை... அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளைத் தனியே விடாதீர்கள் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், வரச் சொன்ன நாளெல்லாம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். நல்ல பையன், ராத்திரிச் சவாரியை நிறுத்திவிட்டான். தேசம்மாவுக்கு நாங்கள் எவ்வளவு சொல்லியும் நோயின் பெயர் புரியவில்லை. ஆனால் மருமகளைத் தனியே விடக் கூடாது என்பது நன்றாகப் புரிந்தது. கூழ்க் கடையைக் கூடத்து ஜன்னலுக்கு நேராக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்குள் பையனுக்குக் கன்னம் வந்துவிட்டது. நிவேதா அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தேசம்மா இதற்கு நன்றியை ஆத்தாளுக்குச் சொன்னார். நியாம்புரா தன் ஆண்டவருக்குச் சொன்னாள். நான் டாக்டருக்குச் சொன்னேன். பையன் யாருக்கும் சொல்லவில்லை, ஏப்பம் விட்டான்.

இப்போது வருகிறது அண்டா.

பேரன் தேறினால் கூழ் ஊற்றுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார் தேசம்மா. முதல் கரண்டி அம்புஜம்தான் ஊற்ற வேண்டும் என்று கூப்பிட என் வீட்டுக்கே வந்துவிட்டார், வெற்றிலை பாக்கோடு, மஞ்சள் புடவையோடு. நியாம்புரா என்னிடம் கேட்டாள், அது தெய்வத்துக்குப் படைத்ததா என்று. ஆமாம் என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். அன்று முழுக்க மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் வந்து சொன்னாள். "என்னைப் பார்த்துப் பயந்துகொண்டேதான் அவர் வீட்டுக்குள் விட்டார், ஆன்ட்டி. இப்போது பயப்படுவது என் முறை. நான் கும்பிட மாட்டேன். ஊற்றுவேன்."

தேசம்மாவிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். அவளை யார் கும்பிடச் சொன்னது, கரண்டி பிடித்தால் போதாதா என்றார்.

காலை ஆராதனையை முடித்துவிட்டு நேராக அங்கேதான் போனோம். அவள் ஊற்றினாள், நான் வெங்காயம் கொடுத்தேன், யாரோ க்ளிக் செய்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

கமிட்டி கூடியது. குளோரி அக்காவோடு ஐந்து பேர். அக்காவின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. சபை கைவிட்டுவிட்டால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? எத்தனையோ பெண்களின் இடம் அது. ஒருவர் கேட்டார், ஊழியத்துக்கு வந்த பெண் கோயில் வாசலில் நின்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன சாட்சி என்று. இன்னொருவர் பைபிள் வசனம் சொன்னார். நான் பதிலுக்கு ஒரு வசனம் சொன்னேன். வசனத்தை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பது பழைய சபைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

குளோரி அக்கா கையை உயர்த்தினார். நேராக அவளிடமே கேட்டார், நீ எதற்காக இங்கே வந்தாய் என்று.

நியாம்புரா எழுந்து நின்றாள். பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமல், தான் கர்ப்பமான கதையைச் சொன்னாள். பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெற்ற தாய் பேச்சை நிறுத்திவிட்டார். ஆராதனைக்குப் போனால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப் போக ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர்தான் தினமும் காலையில் ஒரு செம்பு உஜியோடு வந்து நின்றாராம்.

"அந்தச் செம்பைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அப்பா யார் என்று கேட்கவில்லை. மனம் திரும்பினாயா என்று கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றார், அவ்வளவுதான். நான் உயிரோடு இருப்பது அதனால். இந்த மாதிரி ஒருத்திக்கு நானும் போய் நிற்பேன் என்று என் ஆண்டவரிடம் சொன்னேன். அதற்காக வந்தேன்."

இங்கிலீஷ் தெரியாத இரண்டு பேருக்காக நான் மொழிபெயர்த்தேன். ஒன்றையும் விடவில்லை.

அந்தப் பெண்மணி எந்தச் சபை என்று ஒருவர் கேட்டார்.

"எந்தச் சபைக்கும் போக மாட்டார். அதனால் கடவுள் அவரை அனுப்பவில்லை என்று சொல்வீர்களா?"

ஒருவர் மட்டும் தணிந்த குரலில், இப்படிப்பட்டவளா நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று தமிழில் முணுமுணுத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, பதில் சொன்னேன். "இப்படிப்பட்டவகிட்டதான் நிவேதா உண்மையைச் சொன்னா. நம்ம யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நாம என்ன பதில் சொல்லியிருப்போம்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இன்னிக்கு இருந்திருக்க மாட்டா."

குளோரி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். புதன்கிழமை ஆவடி வீட்டுக்கு வருகிறேன், அதுவரை குரூப்பில் யாரும் எதையும் போடக் கூடாது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

புதன்கிழமை அக்கா வந்தார். தேசம்மாவும் வந்துவிட்டார்! நிவேதா வழியாக விஷயம் போயிருக்கிறது. அம்புஜத்தை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையை மருமகளிடம் விட்டுவிட்டு, ஒரு தூக்கு நிறையக் கஞ்சியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆவடி வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சுவரில் இருந்த சிலுவையை ஒரு தரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

இவர்தான் தலைவி என்று நான் காட்டியதும் நேராக அக்கா முன்னால் போய் நின்றார்.

"யக்கா, நான் படிக்காதவ, தப்பா நெனைக்காத. என் மருமவள நீங்க மாத்திடுவீங்கன்னு நான் பயந்துகினு இருந்தேன். நீங்க இன்னாடான்னா, எங்க ஆத்தா இந்தப் பொண்ண மாத்திடுவான்னு பயந்துகினு கீறீங்க. மாறுனது என் பேரன் ஒர்த்தன்தான். எலும்பா இருந்தான், இப்ப குண்டா கீறான்."

குளோரி அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. முதலில் உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் தூளியில் தூங்கிய குழந்தைகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். நியாம்புரா என்ன, என்ன என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். சிரிப்பு அடங்கி நான் மொழிபெயர்ப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

அக்கா அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தார். நியாம்புரா ஆறு மாதமும் இருப்பாள். கமிட்டிக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டாவதை அறிவிக்கவில்லை, செய்துவிட்டார். ஜெபத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது, உட்காருங்கம்மா, முதல்ல கஞ்சி குடிங்க என்றார்.

இப்போதெல்லாம் கஞ்சி முதலில், ஜெபம் பிறகு. விருப்பமிருப்பவர்கள் இருக்கலாம். பாதிப் பேர் கஞ்சி குடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் வருகிற பெண்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கமிட்டியில் ஒருவர் ராஜினாமா செய்தார். நிவேதா மருந்தைத் தொடர்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்குக் குழந்தையைப் பிடிக்கச் சொல்லித் தருவது அவள்தான்.

கஞ்சி காய்ச்சுகிற பொறுப்பைத் தேசம்மா எடுத்துக்கொண்டார். அங்கேதான் புதுத் தகராறு. கஞ்சிக்கு உப்பும் மோரும்தான் என்கிறார் தேசம்மா. வெல்லமும் ஏலக்காயும் என்கிறார் குளோரி அக்கா. சர்க்கரை போட்டு எலுமிச்சை பிழிய வேண்டும் என்கிறாள் நியாம்புரா. ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று பேரும் அடுப்படியில் நின்று, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அளவுக்குத் தெளிவாகச் சண்டை போடுகிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாரையும் மாற்ற முடியாது... எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!